முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாமே

அன்புள்ள அத்தான்,

இன்று எங்கள் அலுவலகத்தில் தீயணைப்புப் பயிற்சி. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தகர டப்பாவில் பழைய பேப்பரைப் போட்டுக் கொளுத்தினார்கள். கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஒருவர் சிவப்பு சிலிண்டரைத் தூக்கி வந்து, பிடியிலிருந்த பின்னை உருவி அழுத்தினார். புஸ்ஸென்று வெள்ளையாகப் பவுடர் கிளம்பியது, நெருப்பு அணைந்தது, கூட வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகள் கைதட்டி செல்போனில் படம் பிடித்தார்கள். எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வேறு எதுவும் ஓடவில்லை. சுண்ணாம்பும் சோடா உப்பும் கலந்த மாதிரி, தொண்டையை வறளவைக்கும் அந்த வாசனை எத்தனை வருஷம் நம் இரண்டு பேர் சட்டையிலும் இருந்தது! நம் துணியை மட்டும் அக்கா தனி வாளியில் ஊறவைப்பாள்.

அவர் பின்னை உருவியதிலிருந்து பவுடர் வெளியே வரும்வரை நான் மூச்சே விடவில்லை. பக்கத்தில் நின்ற பெண், "என்ன அங்கிள், பயந்துட்டீங்களா?" என்றாள். திருச்சியிலிருந்து போன வருஷம் வேலைக்கு வந்தவள். ஆமாம் என்றேன். நெருப்பைப் பார்த்துத்தான் பயந்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது அத்தான். போன மாதம் தத்தாபாபு நம் வீட்டுக்கு வந்திருந்தார். ஆமாம், அதே தத்தாபாபுதான். அவர் சொன்னதைக் கேட்க நீங்கள் இல்லாமல் போய்விட்டீர்களே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் பழையதையெல்லாம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் கேளுங்கள். உயிரோடு இருந்தபோது என்னை எங்கே முழுசாகப் பேச விட்டீர்கள்?

பெரிய கம்பெனியில் பார்த்த சர்வீஸ் வேலையை உதறிவிட்டு நீங்கள் வந்து நின்ற சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் பி.காம். முடித்துவிட்டு டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் சிநேகிதர்களோடு அரட்டையடித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். அக்கா காரணம் கேட்டாள். "ஸ்டிக்கர் ஒட்டுதானுவ. வேற ஒண்ணும் செய்யல, வெறும் ஸ்டிக்கர்" என்றீர்கள். அவளுக்குப் புரியவில்லை, எனக்கும்தான். அப்புறம் விளக்கினீர்கள். தீயணைக்கும் சிலிண்டரைக் காலாகாலத்தில் இறக்கி, கட்டிபிடித்த பவுடரைக் கொட்டி, உடம்பைச் சோதித்து, புதுப் பவுடர் நிரப்பி, நைட்ரஜன் அழுத்தம் ஏற்ற வேண்டும். நடப்பதோ ஈரத்துணியால் ஒரு துடைப்பு, புதுத் தேதி போட்ட ஒரு ஸ்டிக்கர். ஒரு மண்குவளை டீ ஆறுவதற்குள் ஒரு மாடி முழுக்க வேலை முடிந்துவிடும். கட்டடத்துக்காரருக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும், சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்துக்கும் தெரியும்.

"மாப்ள, நீ வங்காளத்துல பேசு, நான் வேலையப் பாக்கேன். நாம உண்மையாவே ரொப்பிக் குடுப்போம். ஊருல ஒருத்தனாவது வாங்காமலா போவான்?" என்றீர்கள்.

இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. நீங்கள் பேசிய வங்காளம் திருநெல்வேலியை விட்டு ரயிலே ஏறாதது. ஆனாலும் என்னைப் பேசச் சொல்லிவிட்டு இடையிடையே புகுந்து நீங்கள்தான் பேசுவீர்கள். ஹவுராவில் ஒரு சந்துக்குள் ஷெட் பிடித்தோம். காலையில் படகில் கங்கையைக் கடந்து போய், சாயங்காலம் வெள்ளை மாவில் புரண்ட பூனைகளாகத் திரும்பி வந்தோம். அக்காவின் பள்ளிக்கூடச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. "நியாயமா நடக்க நீங்க, அதுக்கு அரிசி வாங்கிப் போட நானா?" என்று அவள் கேட்காத வாரம் இல்லை. கேட்டுவிட்டு, உங்கள் தட்டில்தான் இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பாள்.

உண்மையாக நிரப்பிக் கொடுத்தால் ஒருத்தனாவது வாங்குவான் என்றீர்களே, அந்த ஒருத்தனைத் தேடி நாம் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! போன இடத்திலெல்லாம் விலை பேசி முடித்ததும் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும். ஒரு நர்சிங் ஹோம் மேனேஜர் என் தோளில் கை போட்டு, அண்ணன் முறை வைத்து, "எல்லாம் சரி தாதா, இதுல நமக்கு என்ன இருக்கு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்களுக்குப் பவுடர் இருக்கு சார், கழுத்து வரைக்கும்" என்றீர்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். படியிறங்கும்போது நான் தலையில் அடித்துக்கொண்டேன். பூஜைக்கு நன்கொடை கேட்டுத் தெருப் பையன்கள் வந்தால் சந்தோஷமாகக் கொடுப்பீர்கள். சான்றிதழ் அலுவலகத்தில் டீ செலவுக்குக் கேட்டால் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையமாட்டீர்கள். "அது சாமிக்கு, குடுத்தேன். இது யாருக்குல?" என்பீர்கள். நம் விண்ணப்பம் அந்த மேசையில் கிடந்து மழைக்காலம் பார்த்தது, குளிர்காலமும் பார்த்தது.

அப்போதுதான் அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தீர்கள். வேலை முடிந்ததும், நிரப்பிய சிலிண்டர்களைச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, அங்கே இருப்பவர்களில் யாரையாவது கூப்பிட்டு, "இதுல எதையாவது ஒண்ணத் தொடுங்க" என்பீர்கள். காவல்காரரோ வேலைக்கார அம்மாவோ யாராக இருந்தாலும் சரி, அவர்கள் தொட்டதை முற்றத்துக்கு எடுத்துப் போய்ப் பீய்ச்சிக் காட்டுவீர்கள். அதை மறுபடி நிரப்பும் செலவு நம்முடையது. "மாப்ள, நாம காசு குடுத்துப் பேர் வாங்க முடியாது. கண்ணால பாத்தவன் நாலு பேருகிட்ட சொல்லுவாம்லா" என்பீர்கள். சொல்லவும் செய்தார்கள். சின்னச் சின்ன இடங்களாக வேலை வந்தது. நமக்கு இருந்த ஒரே விளம்பரம் அதுதான்.

தத்தாபாபு அப்படிக் கேள்விப்பட்டுத்தான் நம்மைத் தேடி வந்தார். டாலிகஞ்சில் அந்தப் பெரிய குடியிருப்புக்குச் செயலாளர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போய்த் தனியாக இருந்தவர். தனக்கு என்ன என்று கேட்காத முதல் செயலாளர். நம்மை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தார், உங்கள் வங்காளத்தைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வேலை மட்டும் வருஷா வருஷம் கிடைத்தால் ஷெட் நிற்கும், அக்கா மூச்சு விடுவாள் என்று நமக்குத் தெரியும். ஆனால் அங்கே பொருளாளர் ஒருவர் இருந்தார். பழைய காண்ட்ராக்டர் குறைந்த விலைக்குச் செய்கிறான், சிலிண்டரெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு ஆளை மாற்ற வேண்டும் என்று கமிட்டியில் மல்லுக்கு நின்றார்.

தத்தாபாபு ஒரு வழி சொன்னார். "சரஸ்வதி பூஜை அன்னிக்கு மத்தியானம் போகுக்கு எல்லாரும் முற்றத்துல கூடுவாங்க. அங்க வந்து உங்க வித்தையைக் காட்டுங்க. ஜனங்களே முடிவு பண்ணட்டும்." போக் என்பது பூஜை முடிந்து எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, அரிசியும் பருப்பும் சேர்த்துச் செய்த கிச்சுடி சாப்பிடுகிற பிரசாத விருந்து.

முந்தைய நாள் நீங்கள் மாடி மாடியாக ஏறிப் பழைய சிலிண்டர்களைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். சாப்பிடும்போது, பாதிக்கு மேல் செத்துப்போயிருக்கும் போலிருக்கிறது என்றீர்கள். அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா ருசி போயிரும். எல்லாரும் நேருக்கு நேர் பாக்கட்டும்."

"அந்த மனுஷன் பாவம்ங்க" என்றாள். நீங்கள் கேட்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். தோற்றுத் தோற்று அலுத்துப்போயிருந்தோம். உங்களுக்கும் ஒரு தடவை ஜெயித்துப் பார்க்க ஆசை இருந்தது அத்தான். அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

மறுநாள் முற்றம் முழுக்க மஞ்சள் புடவை. பந்தலில் கிச்சுடியும் கத்திரிக்காய் வறுவலும் மணத்தது. தத்தாபாபு கையில் கரண்டியோடு தானே பரிமாறிக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும், "இவர்தான் நான் சொன்ன மத்ராஸி மந்திரவாதி!" என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். நாம் நிரப்பிக் கொண்டுபோன சிலிண்டரைக் காட்டிவிட்டுப் போயிருந்தால் போதும். நீங்கள், "முதல்ல உங்க வீட்டு வாசல்ல தொங்கறதப் பாப்போம், யாராவது ஒண்ணு எடுத்து வாங்க" என்றீர்கள். மூன்றாவது மாடி மாஷிமா, வயதான அம்மாள், பேரனை விட்டு எடுத்துவரச் சொன்னார். ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நின்றது. பின்னை உருவி அழுத்தினீர்கள். சிலிண்டரின் மூக்கு நுனியில் கொஞ்சம் மாவு உதிர்ந்தது, அவ்வளவுதான். ஜனங்கள் சிரித்தார்கள். இன்னொன்று வந்தது. அதுவும் அப்படியே. அடுத்ததிலும் ஒன்றும் வராதபோது சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில் கத்தியது யார் தெரியுமா? அதே பொருளாளர்தான். "இத்தனை வருஷம் இதுக்கெல்லாம் யார் கையெழுத்துப் போட்டது? எங்க குழந்தைங்க உயிரோட விளையாடியிருக்கீங்களே தத்தா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். காண்ட்ராக்டரை அழைத்து வந்ததே அவர்தான். ஆனால் கையெழுத்து தத்தாபாபுவுடையது. நல்லவர்கள் நம்பிக் கையெழுத்துப் போடுவதை வைத்துத்தானே இந்த ஊரில் பாதித் திருட்டு நடக்கிறது. தத்தாபாபு கரண்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார். கிச்சுடி அவர் வேட்டியில் சொட்டியது. "அவருக்குத் தெரியாதுங்க, அவரு நல்ல மனுஷன்" என்று நீங்கள் தமிழிலேயே கத்தினீர்கள். நான் வங்காளத்தில் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த வாரமே அவர் பதவியை விட்டுவிட்டார். பொருளாளர் செயலாளரானார். வேலை பழைய காண்ட்ராக்டருக்கே போனது, புது ஸ்டிக்கரோடு.

நாம் அவரைப் பார்க்கப் போனோம். உள்ளே கூப்பிட்டார், டீ கொடுத்தார், வழக்கம்போல மரியாதையாகப் பேசினார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நீங்க செஞ்சது சரிதான். ஆனா முதல்ல என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். திட்டக்கூட இல்லை. அடுத்த முறை போனபோது கதவில் பூட்டு தொங்கியது. ஆசன்சோலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் காவல்காரர். அங்கிருந்து ஷெட்டுக்குத் திரும்பினோம். "ஒரு நல்ல மனுஷன ஊர விட்டே ஓட்டிட்டோமே மாப்ள" என்று படகில் ஒரு தடவை சொன்னீர்கள்.

அன்றோடு முற்றத்தில் பீய்ச்சிக் காட்டுவதை நிறுத்தினீர்கள். எங்கே போனாலும் முதலில் பொறுப்பில் இருப்பவரைத் தனியாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாகச் சொல்வது என்று வைத்துக்கொண்டீர்கள். அவர்களுக்கு அது எத்தனை வசதி! "ரொம்ப நன்றி தாதா, வெளியில சொல்லிடாதீங்க" என்று கைகுலுக்குவார்கள். நாம் படியிறங்கியதும் ஸ்டிக்கர்காரனுக்குப் போன் போகும். ஊரறியச் சொன்னால் குற்றமில்லாதவன் தலை உருள்கிறது, தனியாகச் சொன்னால் உண்மை மேசைக்கு அடியில் போய்விடுகிறது. இந்த ஊரில் நேர்மையாக ஒரு சின்னத் தொழில் செய்பவன் எந்தப் பக்கம்தான் நிற்பது? நான் உங்களோடு சண்டை போட்டேன். மறுபடியும் முற்றத்தில் இறங்குவோம் என்றேன். "வேண்டாம்ல, அந்த மொகம் கண்ணுலயே நிக்கி" என்பீர்கள். அதற்கு மேல் பேச்சு ஓடாது.

வேலை குறைந்துகொண்டே வந்தது. எனக்குக் கல்யாணம் ஆகி, குழந்தையும் பிறந்த பிறகு, இப்போதிருக்கும் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இடம் கிடைத்தது. உங்களிடம் சொல்லத் தயங்கிக்கொண்டு ஷெட்டில் நின்றேன். நீங்கள் பவுடர் சலித்துக்கொண்டிருந்தீர்கள். "போ மாப்ள. நல்லாரு" என்றீர்கள், நிமிர்ந்து பார்க்காமல். அதன்பிறகு ஒரு பள்ளிக்கூடம், ஒரு நூலகம், கார்டன் ரீச்சில் ஒரு சின்னப் பட்டறை என்று நாலைந்து இடங்களை வைத்துக்கொண்டு நீங்கள் ஒற்றை ஆளாக ஓட்டினீர்கள்.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் உங்கள் புத்தி போகவில்லை. மூச்சுக்குத் திணறிக்கொண்டே நர்ஸைக் கையைக் காட்டிக் கிட்டே வரச் சொன்னீர்கள். அந்தப் பெண் பயந்துபோய்க் குனிந்தாள். நடைவழியில் தொங்கும் சிலிண்டரில் முள் இறங்கியிருக்கிறது, பெரிய சிஸ்டரிடம் மட்டும் சொல், மற்றவர் காதில் விழவேண்டாம் என்று அவள் காதில் சொன்னீர்கள். அவள் என்னிடம் வந்து, "தாத்தாவுக்கு ஜுரத்துல உளறல் போல" என்றாள். உளறல் இல்லை என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இப்போது செய்தி. இந்த வருஷம் சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம் உங்கள் போன் அடித்தது. அக்கா இன்னும் அதை அணைத்துவைக்கவில்லை. அவள் எடுத்தால் தத்தாபாபு. நீங்கள் போன விஷயம் அவருக்குத் தெரியாது. அக்கா சொன்னதும் வீட்டு விலாசத்தை மட்டும் கேட்டுக்கொண்டாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஹவுரா வந்து, அங்கிருந்து டாக்சி பிடித்து, வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். நன்றாகத் தளர்ந்திருக்கிறார். உங்கள் படத்தைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"வருஷா வருஷம் போக் அன்னிக்கு அவர் போன் பண்ணுவார். 'கிச்சுடி கேயேச்சேன்?' கிச்சுடி சாப்பிட்டாச்சான்னு கேப்பார். ஆச்சும்பேன். வச்சுடுவார். இந்த வருஷம் வரலையேன்னு நானே பண்ணினேன்" என்றார்.

நீங்கள் போன் செய்தது எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. எங்களிடம்கூட மறைத்துவிட்டீர்களே! என்னால் அடக்க முடியவில்லை. "அவர் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் பண்ணியிருக்கார். அன்னிக்கு வாசல்ல நீங்க சொன்ன வார்த்தை அவரைக் கடைசி வரைக்கும் விடலை" என்றேன்.

அவர் என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தார். "என்ன வார்த்தை?"

சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார்.

"நான் அப்படிச் சொன்னேனா? ஞாபகமே இல்லையே! எனக்குக் கோபம், பார்க்காம கையெழுத்துப் போட்ட என் மேலதான். அவர் மேல ஏன் கோபம்? அவர் நட்புலதான் போன் பண்றார்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அதனாலதான் ஊரை விட்டுப் போனீங்கன்னு..."

"மகளுக்குக் குழந்தை பிறந்தது. பார்த்துக்க ஆளில்ல. அதான் போனேன்" என்றார். பிறகு, "அடடா, அடடா" என்று தன் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்து பார்த்தால், சந்தேஷ் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. "இத்தன வருஷமா கிச்சுடியப் பத்திக் கேட்ட மனுஷன், 'என் மேல வருத்தமா'ன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கக் கூடாதா?" என்றாள் அக்கா. அவள் குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் மறந்தே போன ஒரு சொல்லுக்காக நம் ஒரே விளம்பரத்தை நிறுத்தினோம், தொழிலைக் கரையவிட்டோம். லஞ்சம் கேட்டவர்கள் நம்மை அசைக்கவில்லை. ஒரு நல்ல மனிதரின் வருத்தம், அதுவும் இல்லாத வருத்தம், நம்மை உட்காரவைத்துவிட்டது.

என் வேலையிலும் தினமும் யாரிடமாவது கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருள் சரியில்லை, கணக்கு சரியில்லை, கமிஷன் பேச்சோடு இங்கே வராதீர்கள் என்று. சொல்லுமுன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் உங்களால் வந்தது. அதை விடமாட்டேன். தத்தாபாபு வந்துபோன பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சொன்ன மறுநாள் அவரிடமே போய், "என் மேல வருத்தமா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் இல்லை என்கிறார்கள், சிலர் ஆமாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எதுவானாலும் தெரிந்துவிடுகிறது.

ஒருவரிடம் மட்டும்தான் கேட்காமல் விட்டுவிட்டேன். ஷெட்டில் அன்று நீங்கள் நிமிர்ந்து பார்க்காமல் "போ மாப்ள" என்றீர்களே, என் மேல் வருத்தமா அத்தான்?